பரம்பரைக் கணைய அழற்சிக்கு ஹைட்ரஜன் தண்ணீர் உதவுமா?

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. அடிக்கடி வயிற்றுவலி. பரிசோதித்ததில், அவன் அப்பாவுக்கு இருக்கும் அதே பரம்பரைக் கணைய அழற்சி என்றார்கள். ஹைட்ரஜன் இதைக் குணப்படுத்துவதாக ஆராய்ச்சி இருக்கிறது என்று சொல்லி, ஹைட்ரஜன் தண்ணீர் மிஷின் வாங்கச் சொல்கிறார் தெரிந்தவர் ஒருவர். வாங்கலாமா?
– வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தை மகனின் சிகிச்சைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆராய்ச்சி நடந்தது உண்மைதான். 2010-இல், ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலத்தைக் கொடுத்துக் கணையத்தை வீங்கவைத்த எலிகளுக்கு ஹைட்ரஜன் கலந்த உப்புநீரை ஊசியில் ஏற்றினார்கள், பாதிப்பு குறைந்தது. ஆனால் அது செயற்கையாக உண்டாக்கிய திடீர் அழற்சி. உங்கள் மகனுடையது பிறவியிலேயே வந்தது. டிரிப்சின் என்ற செரிமான நொதி கணையத்துக்குள்ளேயே முன்கூட்டி விழித்துக்கொண்டால், தன்னைத்தானே வெட்டி அடங்கிவிட வேண்டும். 1996-இல் கண்டறியப்பட்ட பி.ஆர்.எஸ்.எஸ்.1 மரபணு மாற்றத்தில் அந்த வெட்டுமிடமே மாறிப்போகிறது. நொதி அடங்காமல் கணையத்தையே அரிக்கிறது. ஹைட்ரஜன் தணிப்பதாகச் சொல்லப்படுவது, அதற்குப் பிறகு கிளம்பும் நச்சு மூலக்கூறுகளை. மூலகாரணம் அப்படியேதான் இருக்கும்.

இன்னொன்று, சாதாரண அழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் அதிகபட்சம் சுமார் 1.6 மில்லிகிராம் ஹைட்ரஜன்தான் கரையும். டம்ளரில் ஊற்றி வைத்தால் அதுவும் பறந்துவிடும். நம் பெருங்குடல் பாக்டீரியாக்களே தினமும் ஹைட்ரஜனை உண்டாக்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

சரி, என்ன செய்யலாம்? மருத்துவர் செரிமானத்துக்கு உதவும் நொதி மாத்திரை எழுதியிருந்தால், சாப்பிட்டு முடித்து வெகுநேரம் கழித்துக் கொடுக்காதீர்கள். முதல் கவளத்தோடு கொடுங்கள், மென்று விழுங்கவிடாதீர்கள். பஜ்ஜி, பூரி மாதிரி எண்ணெய்ப் பண்டங்களைக் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து வேளை சாப்பிடட்டும். வருடத்துக்கு ஒருமுறையாவது சர்க்கரையும் வைட்டமின் டி-யும் பாருங்கள். மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்தாலோ எடை ஏறாவிட்டாலோ உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் யாராவது புகைபிடித்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், குறிப்பாக அவன் அப்பாவை. இந்த நோயில் கணையப் புற்றுநோய் அபாயம் ஏற்கெனவே அதிகம். புகைப்பவர்களுக்கு அது ஏறக்குறைய 20 வருடம் முன்னதாகவே வருகிறது. மதுவும் ஆகாது.

வேறு பிள்ளைகள் இருந்தால், ஒவ்வொருவருக்கும் இந்த மாற்றம் வர 50% வாய்ப்பு. வந்தாலும் எல்லோருக்கும் நோயாக மாறுவதில்லை. எனவே பயந்துபோய் லேபுக்கு ஓடாமல், மரபணு ஆலோசகரிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

மேல்வயிற்று வலி முதுகுக்குப் பாய்ந்து, வாந்தியும் நிற்காவிட்டால், ராத்திரியானாலும் காத்திருக்காமல் கேஷுவாலிட்டிக்குக் கூட்டிப்போய்விடுங்கள்.