ரவுட்டரும் ரூட்டும்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

சரி, ஆரம்பிக்கலாம். ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று என்ன சொல்லிக்கொள்கின்றன, கேட்டதை வைத்து எந்த வழியைப் பிடிக்கின்றன, இது பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள். வைஃபை சிக்னல், மோடம், எந்தக் கம்பெனிப் பெட்டி நல்லது என்பதெல்லாம் என்னிடம் வேண்டாம்.

முதலடி: ஒரு ரவுட்டரில் ஸ்டாட்டிக் ரூட் (கையால் எழுதிய வழி) போட்டிருக்கிறேன். அதன் அட்மின் டிஸ்டன்ஸ் (எந்த இடத்திலிருந்து வந்த வழியை எவ்வளவு நம்பலாம் என்ற எண்) 1, ஓஎஸ்பிஎஃப்-க்கு 110. குறைந்ததுதானே ஜெயிக்க வேண்டும்? ஆனால் பாக்கெட் ஓஎஸ்பிஎஃப் காட்டிய பக்கமே போகிறது. பெட்டியில் கோளாறா?

பெட்டியில் கோளாறு இல்லை. இரண்டு வேறு தேர்வுகளை நீங்கள் ஒன்றாக நினைத்துக்கொண்டீர்கள், அநேகமாக எல்லோரும் முதலில் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஒரே பிரிஃபிக்ஸ், அதாவது நெட்வொர்க் எண்ணும் அதன் நீளமும் (/8, /24 என்று பின்னால் வருவது) அச்சு மாறாமல் ஒன்றாக இருந்து, அது இரண்டு இடங்களிலிருந்து வந்தால்தான் அட்மின் டிஸ்டன்ஸ் பேச்சுக்கே வரும். ஓஎஸ்பிஎஃப், ஈஐஜிஆர்பி, ரிப், பிஜிபி போன்றவை ரவுட்டர்கள் வழிகளைச் சொல்லிக்கொள்ளும் பாஷைகள். சிஸ்கோ கம்பெனிப் பெட்டிகளில் நேரடி இணைப்பு 0, ஸ்டாட்டிக் 1, வெளி பிஜிபி 20, ஈஐஜிஆர்பி 90, ஓஎஸ்பிஎஃப் 110, ஐஎஸ்-ஐஎஸ் 115, ரிப் 120, உள் பிஜிபி 200. மற்ற கம்பெனிகளின் எண்கள் வேறு. இந்தப் போட்டியில் ஜெயித்தது ரவுட்டிங் டேபிளுக்குள் போய் உட்காரும், அவ்வளவுதான் அதன் வேலை.

பாக்கெட் வந்து நிற்கும்போது நடப்பது இன்னொரு தேர்வு. உங்கள் டேபிளில் 10.0.0.0/8 ஸ்டாட்டிக், 10.20.0.0/16 ஓஎஸ்பிஎஃப், 10.20.30.0/24 ரிப், மூன்றும் இருக்கின்றன என்று வையுங்கள். பிரிஃபிக்ஸ் வேறு வேறு என்பதால் மூன்றும் சண்டையில்லாமல் டேபிளில் இருக்கும். 10.20.30.40-க்கு ஒரு பாக்கெட் வருகிறது. மூன்றுக்கும் பொருந்துகிறது, ஆனால் போவது ரிப் காட்டிய பக்கம், ஏனென்றால் /24 தான் நீளமானது. ரிப்பின் டிஸ்டன்ஸ் 120 என்பதை அந்த நேரத்தில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நீளமான பிரிஃபிக்ஸ் எதுவோ அதற்கே முதல் மரியாதை. இன்றைக்கு இன்னும் பத்து பேர் இதையே கேட்கப் போகிறீர்கள், அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதினேன்.

ஹாப்எண்ணி: ரிப்பில் 15 ஹாப்புக்கு (வழியில் தாண்டும் ரவுட்டர்களின் எண்ணிக்கை) மேல் ஏன் போக முடியாது? கூட்டி வைத்திருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்?

நல்ல கேள்வி. ரிப் பேசும் ரவுட்டருக்கு நெட்வொர்க்கின் படம் தெரியாது. பக்கத்து ரவுட்டர் "அந்த இடம் எனக்கு இத்தனை ஹாப்" என்று சொல்வதை நம்பி, அதோடு ஒன்றைக் கூட்டி வைத்துக்கொள்ளும். அது உண்மையா, எந்த வழியாக என்று விசாரிக்காது.

க, ச, ட என்று மூன்று ரவுட்டர்கள் வரிசையாக இருக்கின்றன. ட-வுக்குப் பின்னால் ஒரு நெட்வொர்க். ச அதை 2 என்றும், க அதை 3 என்றும் எழுதி வைத்திருக்கின்றன. இப்போது ச-வுக்கும் ட-வுக்கும் நடுவில் கேபிள் அறுந்துவிட்டது. ச வாயைத் திறப்பதற்கு முன்னால் க-வின் வழக்கமான அப்டேட் வந்துவிடுகிறது: "அந்த நெட்வொர்க் எனக்கு 3." க அதை ச-விடமிருந்துதான் கற்றது என்பது ச-வுக்குத் தெரியாதே! உடனே 4 என்று எழுதுகிறது. அதைக் கேட்டு க 5 என்கிறது, ச 6 என்கிறது, இப்படியே ஏறிக்கொண்டு போகும். இதற்கிடையில் வரும் பாக்கெட்டுகள் இரண்டுக்கும் நடுவில் பந்தாடப்பட்டு டிடிஎல் (ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறையும் ஆயுள் எண்) தீர்ந்து சாகும். இந்த ஏற்றத்தை எங்காவது நிறுத்த வேண்டும், அதற்காக 16 என்றால் "போகவே முடியாது" என்று வைத்துவிட்டார்கள். வழக்கமான அப்டேட் 30 விநாடிக்கு ஒரு தடவை என்பதால், 16-ஐத் தொடுவதற்கே நிமிடக்கணக்கில் ஆகலாம். நீங்கள் கேட்டபடி 200 என்று வைத்திருந்தால் எவ்வளவு நேரம் பந்தாடும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எந்தப் பக்கம் கற்றோமோ அந்தப் பக்கமே திருப்பிச் சொல்லாமல் இருப்பது (ஸ்பிலிட் ஹரைசன்) இந்த இரண்டு பேர் சிக்கலைத் தீர்க்கும். மூன்று பேர் வட்டமாக இருந்தால் அதுவும் கைகொடுக்காது.

வீட்டுக்காரர்: மாடியில் சிக்னல் வரவில்லை சார், ரவுட்டரை எங்கே வைக்கலாம்?

மேலே முதல் பத்தியைப் படியுங்கள்.

இரவுஷிப்ட்: இரண்டு ரவுட்டருக்கு நடுவில் ஓஎஸ்பிஎஃப் ஏறவே மாட்டேன் என்கிறது. பிங் போகிறது. ஹலோவும் (பக்கத்து ரவுட்டரைத் தேடும் சின்னச் செய்தி) வருகிறது. ஆனால் எக்ஸ்ஸ்டார்ட் என்ற நிலையிலேயே நிற்கிறது.

எம்டியு-வை, அதாவது ஒரு லிங்க் ஒரே துண்டாக ஏற்கும் பாக்கெட்டின் அதிகபட்ச அளவை, பாருங்கள். ஒரு பக்கம் 1500, மறுபக்கம் 9000 என்று இருக்கும். ஹலோ சின்ன பாக்கெட், அது எதிலும் நுழைந்துவிடும். அடுத்து தங்கள் டேட்டாபேஸில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலை மாற்றிக்கொள்ளத் தொடங்கும்போது, அந்தப் பாக்கெட்டின் தலைப்பிலேயே எம்டியு எழுதியிருக்கும். தன்னால் வாங்க முடியாத அளவு என்றால் எதிராளி பேசாமல் தூக்கிப் போட்டுவிடும். பிங்கும் சின்ன அளவில் போவதால்தான் உங்களை ஏமாற்றுகிறது, பெரிய அளவில், துண்டாக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பிப் பாருங்கள். எம்டியு-வைக் கண்டுகொள்ளாதே என்று ஒரு கட்டளை உண்டு. அதைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள், இரண்டு பக்கமும் சமமாக்குங்கள்.

சமபங்கு: இரண்டு 1 ஜிபி லிங்க், ஒரே காஸ்ட் (ஓஎஸ்பிஎஃப்-இல் லிங்க்குக்குக் கொடுக்கும் எண், குறைந்ததே நல்லது). ஆனால் ஒரு பெரிய ஃபைல் இறக்கினால் 1 ஜிபி-யைத் தாண்டவில்லையே?

தாண்டாது. இரண்டு பக்க முகவரி, போர்ட், புரோட்டோகால் ஐந்தையும் சேர்த்து ஒரு ஹாஷ் (அவற்றிலிருந்து கணக்கிட்டு வரும் ஒரு எண்) போட்டு, ஒரு உரையாடல் முழுவதையும் ஒரே லிங்க்கில் அனுப்பும். பாக்கெட்டை மாற்றி மாற்றி அனுப்பினால் வரிசை கலைந்து, முனைகளில் பாக்கெட்டை வரிசைப்படி சேர்க்கும் டிசிபி தடுமாறும். பல பேர் சேர்ந்து இறக்கினால் இரண்டும் நிரம்பும்.

விடாக்கண்டன்: எல்லாம் சரி, எனக்குப் புரியாதது ஒன்றுதான். எந்த லிங்க்கில் நெரிசல் இல்லையோ அந்த வழியை ரவுட்டர் தானே அளந்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே? ஓஎஸ்பிஎஃப் என்னவோ காஸ்ட் என்று நாம் எழுதிக் கொடுத்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. இந்தக் காலத்தில் இது அபத்தமாக இல்லையா?

எழுதிக் கொடுத்த எண்ணில் அபத்தம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். பழைய இயல்புக் கணக்கில் 100 எம்பி-யை லிங்க் வேகத்தால் வகுத்தால் வருவதுதான் காஸ்ட். அதனால் 100 எம்பி, 1 ஜிபி, 10 ஜிபி எல்லாவற்றுக்கும் 1. இதை மாற்றாமல் விட்ட நெட்வொர்க்குகள் இன்றும் ஓடுகின்றன. மாற்றினால் எல்லா ரவுட்டரிலும் ஒரே மாதிரி மாற்றுங்கள்.

ஆனால் நீங்கள் சொல்லும் யோசனை புதிதில்லை. இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட் அதில்தான் ஆரம்பித்தது. 1969-இல் தொடங்கிய நெட்வொர்க்கில் முதலில் லிங்க்கின் வாசலில் எத்தனை பாக்கெட் காத்திருக்கிறது என்பதையே மெட்ரிக்காக, அதாவது வழிகளை ஒப்பிடும் எண்ணாக, வைத்தார்கள். 1979 வாக்கில் அதைத் தூக்கிவிட்டு, ஒவ்வொரு ரவுட்டரும் லிங்க்கின் உண்மையான தாமதத்தை அளந்து எல்லோருக்கும் சொல்லும் முறை வந்தது. கூட்டம் குறைவாக இருந்தவரை அருமையாக ஓடியது. கூட்டம் ஏறியதும் ஆட்டம் ஆரம்பம்: இரண்டு வழிகளில் ஒன்று நெரிசல் என்று தெரிந்ததும் எல்லா ரவுட்டரும் ஒரே நேரத்தில் மற்றதற்குத் தாவும், அது அடைத்துக்கொள்ளும், முதலாவது காலியாகக் கிடக்கும், அடுத்த அளவீட்டில் எல்லோரும் திரும்பத் தாவுவார்கள். ஒரு கவுன்டரில் வரிசை குறைவு என்று மொத்தக் கூட்டமும் அங்கே ஓடுவது மாதிரி. 1987-இல் மெட்ரிக்கை அடக்கினார்கள். எவ்வளவு நெரிசல் இருந்தாலும் ஒரு லிங்க் தன் வெறுமைக் காலத்துக் காஸ்ட்டைப் போல மூன்று மடங்குக்கு மேல் காட்டக் கூடாது, ஏறினாலும் மெதுவாகத்தான் ஏற வேண்டும் என்று. நெரிசலைச் சமாளிப்பது பெரும்பாலும் இரண்டு முனைகளிலும் இருக்கும் டிசிபி-யின் வேலை என்று பிறகு ஆகிவிட்டது.

விடாக்கண்டன்: ஈஐஜிஆர்பி-யில் லோட், டிலே எல்லாம் மெட்ரிக்கில் இருக்கிறதே. அப்போது அது எப்படி ஆடாமல் நிற்கிறது?

ஆடாமல் நிற்பதற்குக் காரணமே அது அளக்காமல் இருப்பதுதான். இயல்பில் பேண்ட்வித்தும் டிலேவும் மட்டுமே கணக்கில் வரும், அந்த டிலேவும் இன்டர்ஃபேஸில் எழுதி வைத்த நிலையான எண், அளந்தது இல்லை. லோடைச் சேர்த்துக்கொள்ள வழி உண்டு. சேர்த்தாலும் லோட் மாறியதற்காக அது அப்டேட் அனுப்பாது. யாரும் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

இரவுஷிப்ட்: எம்டியு-தான். 9000. நன்றி. விவாதத்தில் நானும் நுழைகிறேன்: கூகுள் தன் டேட்டா சென்டர்களுக்கு நடுவில் இதைத்தானே செய்கிறது? லிங்க்கை நிரப்பி ஓட்டுகிறார்களே.

பி4 என்று 2013-இல் வெளியே சொன்னார்கள், உண்மைதான். ஆனால் அங்கே ஒவ்வொரு ரவுட்டரும் தனித்தனியாக முடிவெடுப்பதில்லை. எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு எவ்வளவு போக வேண்டும் என்று ஒரு மையக் கட்டுப்பாட்டுக்குத் தெரியும், அது மொத்தமாகக் கணக்குப் போட்டுப் பிரித்துக் கொடுக்கும். அதைவிட முக்கியம், அனுப்புகிற சர்வரும் அவர்களுடையது. அவசரமில்லாத காப்பியை "கொஞ்சம் பொறு" என்று ஓரத்திலேயே நிறுத்த முடியும். விடாக்கண்டன் சொல்வது மற்றவர்கள் பாக்கெட்டைச் சுமக்கும் ரவுட்டர்கள், தங்களுக்குள் கேட்டுக்கொள்ளாமல், ஒரே நேரத்தில் புத்திசாலியாக நடந்துகொள்வது. இரண்டும் ஒன்றில்லை.

விடாக்கண்டன்: அப்போது எல்லா இடத்திலும் மையக் கட்டுப்பாடு வைத்துவிடலாமே.

ஒரே முதலாளி இருக்கும் இடத்தில் வையுங்கள். இணையத்துக்கு ஒரு முதலாளி இல்லை, அதனால்தான் தனித்தனி ஆபரேட்டர்களுக்கு நடுவில் பேசும் பிஜிபி. கீழே அது வருகிறது, அங்கே வாருங்கள்.

புதுவரவு: ஸ்டாட்டிக், ஓஎஸ்பிஎஃப் இரண்டும் இருந்தால் எதை எடுக்கும்?

முதல் கேள்வி.

வெளிவழி: பிஜிபி மிகக் குறுகிய ஏஎஸ் (ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கும் நெட்வொர்க்) பாதையைத்தான் எடுக்கும் என்று படித்தேன். ஆனால் எங்கள் டிராஃபிக் சுற்றிக்கொண்டு போகிறது.

பாதை நீளத்துக்கு முன்னால் லோக்கல் பிரிஃபரன்ஸ், அதாவது ஆபரேட்டர் தானே வழிக்குக் கொடுக்கும் விருப்ப எண், பார்க்கப்படும். இயல்பு 100, கூடினால் ஜெயம். பொதுவாக ஒரு ஆபரேட்டர் தனக்குக் காசு கொடுக்கும் வாடிக்கையாளர் வழியை முதலிலும், காசில்லாமல் மாற்றிக்கொள்ளும் பங்காளி வழியை அடுத்தும், தான் காசு கொடுக்கும் பெரியவர் வழியைக் கடைசியிலும் வைப்பார். சுற்று வழி என்றாலும் வரவு வரும் வழி என்றால் அதுவே முதல் வழி. விடாக்கண்டன், கவனித்தீர்களா, இங்கே வேகத்தை யாருமே கேட்கவில்லை. பகிர்வதிலும் இதே கணக்குதான்: வாடிக்கையாளர் ரூட்டை எல்லோருக்கும் சொல்வார்கள், பெரியவரிடம் கற்றதை இன்னொரு பெரியவருக்குச் சொல்ல மாட்டார்கள், சொன்னால் இரண்டு பெரியவர்களின் டிராஃபிக்கும் நம் தலையில் ஏறும்.

எச்சரிக்கை, இதை நாலு தடவை சொல்வேன்: ஃபில்டர் இல்லாமல் பிஜிபி-யை ஏற்றாதீர்கள், உள்ளே வருவதற்கும் சரி, வெளியே போவதற்கும் சரி. 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம், யூடியூபை நாட்டுக்குள் அடைப்பதற்காக 208.65.153.0/24 என்ற ரூட்டைப் போட்டது. அது வெளியே கசிந்தது, மேலே இருந்த ஆபரேட்டர் வடிகட்டாமல் உலகத்துக்கே பரப்பினார். யூடியூப் அறிவித்திருந்தது /22. முதல் கேள்வி ஞாபகம் இருக்கிறதா? நீளமானதே ஜெயிக்கும், உலகத்து டிராஃபிக் அந்தப் பக்கம் திரும்பியது. யூடியூப் அதே /24-ஐ அறிவித்தது, பிறகு இன்னும் நீளமாக இரண்டு /25-ஐயும் அறிவித்தது. எல்லாம் சரியாக ஏறத்தாழ இரண்டு மணி நேரம்.

வெளிவழி: ஆர்பிகேஐ போட்டால் போதாதா?

இந்த ரூட்டை இந்த ஏஎஸ் தான் தொடங்கி அறிவிக்கலாம், இந்த நீளம் வரைதான் என்று கையெழுத்திட்டு வைப்பது அது. மேலே சொன்ன சம்பவத்தைப் பிடித்திருக்கும். வாடிக்கையாளர் ஒருவர் ஒரு பெரியவரிடம் கேட்டதை இன்னொரு பெரியவருக்குக் கொட்டினால், தொடக்கம் சரியாகவே இருப்பதால் பிடிக்காது. ஆகவே இரண்டாவது தடவை: ஃபில்டர்.

கலப்பு: ஓஎஸ்பிஎஃப்-இல் இருப்பதை ஈஐஜிஆர்பி-க்கும், அங்கிருப்பதை இங்கேயும், இரண்டு ரவுட்டரில் கலந்துவிட்டேன். அவ்வப்போது லூப் (பாக்கெட் வட்டமடிப்பது) வருகிறது.

வராமல் என்ன செய்யும்? ஒரு ரவுட்டர் கொண்டுபோய் விட்டதை மற்ற ரவுட்டர் புது ரூட் என்று நினைத்துத் திருப்பிக் கொண்டுவருகிறது, அந்தப் பக்கத்து மெட்ரிக்கோ இங்கே அர்த்தமில்லாதது. போகும்போது டேக் ஒட்டுங்கள், அந்த டேக்கோடு திரும்பி வந்தால் தடுங்கள். மூன்றாவது தடவை: ஃபில்டர்.

அரைவழி: டிரேஸ்ரூட்டில் (வழியில் உள்ள ரவுட்டர்களை வரிசையாகக் காட்டும் கருவி) நடுவில் ஒரு ஹாப் 200 மில்லி செகண்ட், அடுத்தது 20. எப்படி?

டிடிஎல் தீர்ந்தது என்று பதில் எழுதுவது ரவுட்டருக்குக் கடைசி வேலை, அதனால் தாமதம். கடைசி ஹாப் நன்றாக இருந்தால் நடுவில் இருப்பதை விட்டுத்தள்ளுங்கள். திரும்பி வரும் வழியும் போன வழியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை, அது உங்கள் திரையில் தெரியவும் தெரியாது.

இன்னொருபுதியவர்: அண்ணா, ஸ்டாட்டிக் ரூட்டுக்கு டிஸ்டன்ஸ் 1 என்றால் ஏன்...

முதல் கேள்வி, முதல் கேள்வி, முதல் கேள்வி.

விடாக்கண்டன்: கடைசியாக ஒன்று. யூடியூப் /25 அறிவித்தது என்றீர்களே. அப்படியானால் நான் எப்போதும் /25 ஆகவே அறிவித்துவிட்டால் என்னை யாரும் திருட முடியாதே?

ஐபிவி4-இல் /24-ஐவிட நீளமானதைப் பெரும்பாலானவர்கள் வாங்கவே மாட்டார்கள், ஐபிவி6-இல் /48. அவர்களும் ஃபில்டர் போட்டிருக்கிறார்கள், நாலாவது தடவை.