சிஸ்டரிடம் கேளுங்கள்: தண்ணீர் யாருக்கு எவ்வளவு?

வெயில் ஏறியதும் தண்ணீர் பற்றிக் கேள்விகள் குவிந்துவிட்டன. ஓய்வுபெற்ற செவிலியராக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (குலசேகரம், ரப்பர் வெட்டும் தொழிலாளி): தினமும் 4 லிட்டர் குடிக்கணும்னு வாட்சப்பில் வருதே சிஸ்டர், உண்மையா?

பதில்: எல்லோருக்கும் ஒரே கணக்கு கிடையாது அண்ணா. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் சொன்ன அளவு பெண்களுக்கு 2 லிட்டர், ஆண்களுக்கு 2.5 லிட்டர். அதில் சாப்பாட்டிலுள்ள நீரும் அடக்கம். உங்கள் பழஞ்சி (பழைய சோறு), ரசம், சாயா எல்லாம் சேரும். ஆனால் அது மிதமான வெயிலுக்கான கணக்கு. வியர்க்க வேலை செய்தால் கூட்டித்தான் குடிக்கணும். சிறுநீர் இளமஞ்சளாகப் போனால் போதும். அடர்மஞ்சளானால் தண்ணீர் பத்தவில்லை. சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மஞ்சளாகும், பயப்பட வேண்டாம்.

கேள்வி (நாகர்கோவில், ஜவுளிக்கடை ஊழியர்): கடையில் பாத்ரூம் போனால் முகம் சுளிக்கிறார்கள். அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. அடிக்கடி நீர்க்கடுப்பு வருது அக்கா.

பதில்: இதைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரணும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டமே வந்துவிட்டது. ஒன்றுக்குப் போக இன்னும் முகம் பார்க்க வேண்டியிருக்கிறது. நீர் குறைந்தால் சிறுநீர்ப்பையில் கிருமி தங்கிப் பெருகும், அடக்கி வைத்தால் இன்னும் மோசம். அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிற, தண்ணீர் குறைவாகக் குடிக்கிற பெண்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2018-இல் வெளிவந்தது. வழக்கத்தைவிட தினம் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்குத் தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. கடைக்குக் கிளம்பும் முன் ஒரு டம்ளர், சாப்பாட்டு நேரத்தில் இரண்டு, வீடு திரும்பியதும் மீதி என்று பிரித்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு இடைவேளையில் கட்டாயம் பாத்ரூம் போய் வாருங்கள். காய்ச்சலோ முதுகுவலியோ சேர்ந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி (குளச்சல், மீனவர்): கடலில் வெயிலுக்குக் கால் பிடித்துக்கொள்கிறது. ஓஆர்எஸ் குடிக்கலாமா?

பதில்: குடிக்கலாம். ஆனால் அந்த உப்பு-சர்க்கரைப் பொடி பாக்கெட் முழுவதையும் அதில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில் கலக்கணும், பெரிய பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர். அரை டம்ளரில் கொட்டிக் குடித்தால் உப்பு மிஞ்சும். வயிற்றுப்போக்கு இல்லாத நாளில் உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீரே போதும். பிரஷர் இருந்தால் கூடுதல் உப்பு வேண்டாம். கேனில் தண்ணீர் தீர்ந்துபோனாலும் கடல்நீர் மட்டும் வேண்டாம்: லிட்டருக்கு 35 கிராம் உப்பு, அதை வெளியேற்ற உடலிலிருக்கும் நீரும் சேர்ந்து போய்விடும்.

கேள்வி (மார்த்தாண்டம்): கிட்னியில் கல் வந்து போனது. வாழைத்தண்டு போதுமா?

பதில்: சாப்பிடுங்கள், தப்பில்லை. அதை மட்டும் நம்பாதீர்கள். தினம் 2.5 லிட்டர் சிறுநீர் போகுமளவு குடிக்கணும், அதாவது 3 லிட்டருக்குக் குறையாமல். எலுமிச்சைச் சாறு நல்லது, உப்பைக் குறையுங்கள்.

கேள்வி (தக்கலை): 80 வயது அம்மா, ராத்திரி எழும்பணுமே என்று தண்ணீரே குடிப்பதில்லை.

பதில்: வயதானால் தாக உணர்வு மங்கிவிடும், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். பகலில் கால் டம்ளர், அரை டம்ளராகக் கொடுத்து, மாலைக்குப் பிறகு குறையுங்கள். இதயமோ கிட்னியோ பலவீனமாக இருந்தால், நீர் பிரிய மாத்திரை எடுத்தால், அளவை டாக்டரிடம் கேட்டுத்தான் முடிவு செய்யணும். அவர்களுக்குத் தண்ணீர் அதிகமானால் மூச்சு வாங்கும்.

கேள்வி (தோவாளை): மூன்று மாதக் குழந்தைக்கு வெயிலில் தண்ணீர் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும். நீங்கள் நன்றாகக் குடியுங்கள்.

கேள்வி (அருமனை): மாமியார் குடிநீரில் பதிமுகம் (தண்ணீரைச் சிவப்பாக்கும் மரச்சீவல்) போட்டுக் கொதிக்கவைத்து, சீக்கிரம் ஆறப் பச்சைத்தண்ணீர் கலக்கிறார். சரியா அக்கா?

பதில்: கிருமியைக் கொல்வது கொதிதான், சிவப்பு நிறம் இல்லை. பச்சைத்தண்ணீர் ஊற்றினால் கொதிக்கவைத்தது வீண். மூடிவைத்து ஆறவிடணும். இதை நீங்கள் சொல்லாதீர்கள், அவர் மகனை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.