அமெரிக்காவுல கன்சர்வேட்டிவ் ரேடியோக்காரங்க தாங்க்ஸ்கிவிங் வாரத்துலகூட கிரைம், போலீஸ்னே பேசுறாங்களே ஏன்? நம்ம ஆளுங்க யாராவது அதைக் கேக்குறீங்களா?

கேக்குறேன். பதினஞ்சு வருஷத்துக்கு மேல கேக்குறேன். கேள்வியோட தொனியைப் பார்த்தா நீங்க அமெரிக்கா வந்து ரெண்டு மூணு வருஷம் ஆயிருக்கும், ஊபர்லயோ ஆபீஸ் நண்பர் கார்லயோ இந்த மாதிரி ரேடியோ ஓடி, இதையெல்லாம் எவன் கேக்குறான்னு நினைச்சிருப்பீங்க. அந்த எவன் நான்தான். உடனே ட்ரம்ப் ஆளுன்னு முத்திரை குத்தாதீங்க, எனக்கு ஓட்டே கிடையாது, க்ரீன் கார்டு க்யூல நின்னே முடி நரைச்ச கூட்டம் நாங்க.

நான் இருக்குறது விஸ்கான்சின், மில்வாக்கி பக்கம் புறநகர். கேக்க ஆரம்பிச்சதுக்குக் காரணம் அரசியல் இல்ல, சாம்பார். ஆபீஸ் மைக்ரோவேவ்ல சாப்பாடு சூடு பண்ணா வாசனை வருதுன்னு ஒரு அம்மா மெயில் போட்டாங்க, பேர் போடல, ஆனா அந்த ஃப்ளோர்ல டிபன் பாக்ஸ் கொண்டு வர்றது நான் ஒருத்தன்தான். அவங்க மீனை அதே மைக்ரோவேவ்ல வச்சா அது மட்டும் ஹெல்தி லஞ்ச். போங்கடான்னு கார்ல உக்காந்து சாப்பிட ஆரம்பிச்சேன். வலதுசாரி ரேடியோவுல பெரிய பேரான ரஷ் லிம்பா நிகழ்ச்சி எங்க நேரத்துக்குப் பகல் 11ல இருந்து 2 வரைக்கும், என் சாப்பாட்டு நேரம் அதுக்குள்ளதான். அவர் 1988ல நாடு முழுக்கப் பேச ஆரம்பிச்சவர், அதுக்கு முந்தின வருஷம்தான் ரெண்டு பக்கக் கருத்தையும் சொல்லணும்ங்கற ஒலிபரப்பு விதியை எடுத்தாங்க. நல்லா பேசுவார், அதை ஒத்துக்கணும். எதிர்ல யாருமே இல்லாம மூணு மணி நேரம் ஒரு மனுஷன் தனியா பேசுறது சும்மா இல்ல.

தாங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின நாள் புதன்கிழமை அவர் ஒரு கதை படிப்பார், வருஷா வருஷம், நம்ம வீட்ல நோன்புக் கதை படிக்கிற மாதிரி. மேஃப்ளவர் கப்பல்ல வந்து பிளிமத்துல இறங்கினவங்க முதல்ல நிலத்தையும் விளைச்சலையும் பொதுவுல வச்சாங்க, எவனும் ஒழுங்கா உழைக்கல, பட்டினி. அப்புறம் கவர்னர் பிராட்ஃபோர்ட் குடும்பத்துக்கு ஒரு துண்டு நிலம் பிரிச்சுக் கொடுத்தாரு, களஞ்சியம் நிரம்பிச்சு, அதுக்கு நன்றி சொன்னதுதான் தாங்க்ஸ்கிவிங், ஆக சோஷலிசம் தோத்த கதைதான் இந்தப் பண்டிகை. எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. எங்க ஊர்ல கூட்டுறவு சொசைட்டி எப்படி நடந்துச்சுன்னு பார்த்தவன் நான்.

2015ல இதை என் பொண்ணுகிட்ட சொன்னேன். அஞ்சாம் கிளாஸ், பில்கிரிம்ஸ், அதாவது அந்தக் கப்பல்ல வந்தவங்க, பத்தி சார்ட் ஒட்டிக்கிட்டு இருந்தா. கையில கோந்தோட நிமிர்ந்து, "அப்பா, விருந்து 1621. நிலம் பிரிச்சது 1623. அப்ப எப்படிப்பா?"ன்னா. பதில் இல்ல. அப்புறம் தேடிப் படிச்சேன். பிராட்ஃபோர்ட் பொதுவுடைமை பத்திக் குறை சொல்லி எழுதியிருக்கறது நிஜம், மத்தவன் பொண்டாட்டி பிள்ளைக்கு நான் ஏன் உழைக்கணும்னு வாலிபப் பசங்க முனகினாங்கங்கறதும் நிஜம், நிலம் பிரிச்சதும் விளைச்சல் கூடினதும் நிஜம். ஆனா அந்தப் பொது ஏற்பாடே லண்டன் முதலீட்டாளர்கள் போட்ட ஏழு வருஷக் கான்ட்ராக்ட், சோஷலிசம் எங்க இருந்து வந்துச்சு? 1621 விருந்துக்கு அந்தப் பகுதிப் பூர்வகுடித் தலைவர் மசசாயிட் தொண்ணூறு பேரோட வந்தார், அஞ்சு மான் வேட்டையாடிக் கொடுத்தாங்க, மூணு நாள் சாப்பாடு. ரேடியோ கதையில அவங்க ஓரமா உக்காந்திருப்பாங்க.

இதை ஏன் இவ்வளவு இழுக்குறேன்னா, கிரைம் விஷயத்துலயும் இதே கைவேலைதான். நடந்தது நிஜமா இருக்கும், காரணம் மட்டும் முன்கூட்டியே ரெடியா இருக்கும், கொண்டுவந்து ஒட்டுவாங்க.

2021 தாங்க்ஸ்கிவிங் சமயத்தை எடுத்துக்கங்க. வெள்ளிக்கிழமை, கெனோஷா கலவரத்துல ரெண்டு பேரைச் சுட்டுக் கொன்ன ரிட்டன்ஹவுஸ்ங்கற பையனுக்கு விடுதலை, ஞாயித்துக்கிழமை வாக்கேஷா கிறிஸ்துமஸ் ஊர்வலத்துக்குள்ள ஒருத்தன் காரை விட்டு ஆறு பேர் செத்துப்போனாங்க, புதன்கிழமை ஜார்ஜியாவுல, ஜாகிங் போன ஆர்பரிங்கற கறுப்பின இளைஞனைத் துரத்திக் கொன்ன கேஸ்ல மூணு பேரும் குற்றவாளின்னு தீர்ப்பு. வாக்கேஷா எங்க வீட்ல இருந்து இருபது நிமிஷம். ஊர்வலத்துல கார் விட்டவன் அந்த மாசம்தான் 1000 டாலர் பெயில்ல வெளிய வந்திருந்தான், அதுவும் ஒரு பொம்பளை மேல காரை ஏத்தின கேஸ்ல. ரேடியோல கத்தினாங்க, கத்தினது நியாயம். பெயில் தொகை ரொம்பக் குறைச்சல்னு அரசு வக்கீல் ஆபீஸே ஒத்துக்கிச்சு. 2023ல விஸ்கான்சின் மக்கள் ஓட்டுப் போட்டு பெயில் பத்தின அரசியல் சட்டப் பிரிவையே மாத்தினாங்க. ரேடியோக்காரன் எல்லாத்துலயும் பொய் சொல்றான்னு பேசுறவங்ககிட்ட இதைத்தான் சொல்லுவேன்.

அதே புதன்கிழமை என் கார் போச்சு. ஈஸ்ட் சைடுல ஒரு நண்பன் வீட்டுக்குப் போயிருந்தேன், பாட்லக்குக்கு (ஆளுக்கு ஒண்ணு சமைச்சுக் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுறது) எங்கம்மாவோட பிரியாணி தேக்சாவை வாங்கிட்டுப் போய் ரெண்டு மாசமா திருப்பித் தராதவன் (இந்தப் பாட்லக்ல பாத்திரம் தொலையறது பத்தித் தனியா ஒரு பதிலே எழுதலாம்). தேக்சாவை டிக்கில வச்சுட்டு, காபி குடிச்சுட்டுப் போடான்னான்னு மேல போனேன். இருபது நிமிஷம். திரும்பி வந்தா கார் இல்ல, பின்கதவு சின்னக் கண்ணாடி மட்டும் கல்லுப்பு மாதிரி தரையில கிடக்கு.

போலீஸ் வர ரெண்டு மணி நேரம். நல்ல மனுஷன், என் வயசு இருக்கும். மாடல் பேரைச் சொன்னதும் எழுதுறதை நிறுத்திட்டு சிரிச்சாரு. "இந்த ஷிப்ட்ல நீங்க மூணாவது சார். பசங்களுக்குப் பதினாலு பதினஞ்சு வயசு, சாவி இல்லாம வண்டியைக் கிளப்ப ஒரு யூஎஸ்பி கேபிள் போதும் அவங்களுக்கு." ஸ்டேஷனுக்கு வந்தா ஸ்டியரிங் பூட்டு இலவசம்னாரு. எந்த ஸ்டியரிங்குக்குய்யா? அந்த வருஷம் மில்வாக்கியில மட்டும் 10,000 காருக்கு மேல திருடு போச்சு.

வெள்ளிக்கிழமை கார் கிடைச்சுது, ஸ்டியரிங் அடிப்பாகம் பிச்சுத் தொங்குது. ப்ளூடூத் லிஸ்ட்ல என் போன், என் வீட்டுக்காரம்மா போன், கீழ புதுசா ஒரு போன். திருடின பையன் பாட்டு கேக்கத் தன் போனை கனெக்ட் பண்ணியிருக்கான். அதைப் போலீஸ்ல சொன்னேன், நோட் பண்ணிக்கிறோம்னாங்க.

திங்கக்கிழமை வாடகைக் கார்ல தயிர் சாதம் சாப்பிட்டுக்கிட்டு லோக்கல் நிகழ்ச்சி ஒண்ணு கேக்குறேன், கார் திருட்டுதான் டாபிக். அரசு வக்கீல் சரியில்ல, சிறார் கோர்ட் சரியில்ல, அப்பன் இல்லாத வீடு, 2020ல ஜார்ஜ் ஃப்ளாய்ட் போராட்டத்துல போலீசைத் திட்டினதோட விளைவு. தலையாட்டிக்கிட்டே கேட்டேன், வயிறு எரிஞ்சு போயிருந்தவன்தானே. ஆனா முந்தின நாள் கனடா ஸ்கார்பரோவுல இருக்கற சகலைகிட்டப் பேசினப்ப அவர் சொன்னது மண்டைக்குள்ள ஓடுது. அவர்கிட்டயும் அதே கம்பெனி, அதே மாடல். கனடாவுல 2007ல இருந்து இம்மொபிலைசர் கட்டாயம், சாவில சிப் இல்லாம வண்டி கிளம்பாது. அமெரிக்காவுல கட்டாயம் இல்ல, கம்பெனி வைக்கல, காசு மிச்சம். அவர் தெருவுலயும் பதினாலு வயசுப் பசங்க இருக்காங்கதானே?

வாழ்க்கையில முதல் தடவையா ரேடியோக்கு போன் போட்டேன். ஒரு பொண்ணு எடுத்து என்ன பாயிண்ட்னு கேட்டுச்சு, சொன்னேன், ஹோல்டுல இருங்கன்னுச்சு. ஹோல்டுல இருந்தா போன்ல நிகழ்ச்சி ஓடுது, கார் ரேடியோல அதே பேச்சு சில செகண்ட் கழிச்சு வருது, எதிரொலி மாதிரி. நாப்பது நிமிஷம். எனக்கு முன்னாடி நாலு பேர் பேசினாங்க, நாலு பேரும் அரசு வக்கீலைத் திட்டினாங்க. நிகழ்ச்சி முடிஞ்சுது, லைன் கட். நேரம் இல்லாமப் போயிருக்கலாம், என் உச்சரிப்பா இருக்கலாம், தெரியல. திட்டம் போட்டு ஒதுக்கிட்டாங்கன்னு நான் சொல்லல.

போலீஸ் பத்தியும் கேட்டிருந்தீங்க. 2015 பிப்ரவரியில அலபாமாவுல மாடிசன்ங்கற ஊர்ல, பேரனைப் பாத்துக்க குஜராத்ல இருந்து வந்த பெரியவர் ஒருத்தர் தெருவுல நடந்துக்கிட்டு இருந்தப்ப, போலீஸ்காரர் தரையில தள்ளி அவருக்கு உடம்பு பாதி செயலிழந்து போச்சு. ரெண்டு தடவை ஜூரிக்குள்ள ஒத்துப்போகல, கடைசில நீதிபதி அந்தப் போலீசை விடுதலை பண்ணிட்டாங்க. சம்பவம் நடந்த வாரம் என் சாப்பாட்டு நேரத்துல இந்தச் செய்தி ஒரு தடவைகூட என் காதுல விழல. அந்த வருஷம்தான் எங்க அப்பா திருமங்கலத்துல இருந்து வந்தாரு. காலையில வாக்கிங் போறப்ப சட்டைப் பையில ஒரு அட்டை வச்சு அனுப்புவேன், அட்ரஸ், என் நம்பர், இவருக்கு இங்கிலீஷ் தெரியாது. "நான் என்னடா காணாமப் போற புள்ளையா?"ன்னு கோவிச்சுக்குவாரு. போலீஸ் வந்தா கையை வேட்டி மடிப்புக்குள்ள விடாதீங்கன்னு சொல்ல எனக்கே கூச்சமா இருந்துச்சு. அதே போலீஸ்தான் ஆறு வருஷம் கழிச்சு குளிர்ல நின்னு என்கிட்ட அவ்வளவு தன்மையா பேசினதும்.

கொலைக் கணக்கு 2020ல கிட்டத்தட்ட 30 சதவீதம் ஏறினப்ப தினமும் சொன்னாங்க, சொல்லவேண்டியதுதான். 2023லயும் 2024லயும் நல்லாவே இறங்கிச்சு, அது மட்டும் நான் கேட்ட நேரத்துல வரல. 1991ல இருந்ததைவிட கொலை விகிதம் பாதிக்கும் கீழ போயிருந்த வருஷங்கள்லகூட நாடு நாசமாப் போகுதுன்னுதான் கேட்டேன்.

லிம்பா 2021 பிப்ரவரியில போயிட்டாரு, இப்ப வேற ஆளுங்க. நான் இன்னும் கார்லதான் சாப்பிடுறேன். காருக்கு இன்சூரன்ஸ் பணம் வந்துச்சு. தேக்சா டிக்கில இல்ல, அதைப் போய் எவன் எடுத்தான்னு புரியல. கிளெய்ம் போட்டேன், ரசீது கேட்டாங்க. 1984ல எங்கம்மா மதுரையில சீட்டுப் பணத்துல வாங்கின பாத்திரத்துக்கு ரசீதுக்கு நான் எங்கய்யா போவேன்?