ரோபோ போட்டிக்கு 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியை ஆபத்தில்லாமல் லோடு டெஸ்ட் செய்வது எப்படி?

லோடு டெஸ்ட் என்றால் பேட்டரிமேல் ஒரு சுமையை மாட்டி, எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பது. மீட்டரில் வோல்டேஜ் சரியாகக் காட்டுகிறது, களத்தில் ரோபோ படுத்துவிடுகிறது. அதனால்தானே கேட்கிறீர்கள்? நாங்களும் அங்கேதான் விழுந்தோம்.

நாகர்கோவிலில் பாலிடெக்னிக் படித்தபோது நாலு பேர் சேர்ந்து ரோபோ சண்டைக்கு ஒரு வண்டி செய்தோம். வைப்பர் மோட்டார்கள், பழைய யுபிஎஸ்ஸிலிருந்து கழற்றிய 7 ஏஹெச் (ஆம்பியர்-மணி) பேட்டரி. மீட்டரில் 12.6. எதிர் வண்டியை முட்டித் தள்ளிய நொடியில் வோல்டேஜ் சரிந்து, ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவரே அணைந்துவிட்டது. அரை நிமிடம்கூட ஆகவில்லை.

தக்கலையில் பேட்டரிக் கடை வைத்திருந்த அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். "மக்களே, சும்மா நிக்கும்போ எல்லாவனும் பயில்வான்லா. சுமட்டைத் தூக்கி வச்சுப் பாரு, தெரியும்" என்றார். ஆனால் 100 ஆம்பியர் இழுக்கும் கார் பேட்டரி டெஸ்டரை இதில் வைக்க மறுத்துவிட்டார். இதன் மெல்லிய தகட்டு முனைகளுக்கு அது ஆகாதாம். பழைய ஹெட்லைட் பல்ப் ஒன்றைக் கொடுத்தார். 55 வாட், ஏறக்குறைய நாலரை ஆம்பியர் இழுக்கும்.

வீட்டில் நான் செய்தது மடத்தனம். சார்ஜரிலிருந்து எடுத்த கையோடு, ஃபியூஸ் இல்லாமல், வயரை முதலில் பேட்டரியில் மாட்டினேன். மறுமுனைகள் இரண்டும் தொட்டுக்கொண்டன. கிளிப் ஒட்டிக்கொண்டது, சிவப்பு உறை குமிழ்விட்டு உருகியது. பதறிப் பிடித்து இழுத்தேன். உள்ளங்கையில் வயர் தடிமனுக்கு ஒரு கோடு இன்றும் இருக்கிறது. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பொறி பட்டு வெடிக்கும். நல்லவேளை, கைக்காயத்தோடு போனது.

ஆகவே முழுசாகச் சார்ஜ் செய்து, சில மணி நேரம் காற்றோட்டத்தில் ஆறவிடுங்கள். பல்ப், சுவிட்ச், பாசிட்டிவ் முனையை ஒட்டி 10 ஆம்பியர் ஃபியூஸ், எல்லாவற்றையும் முதலில் இணைத்துவிட்டு, சுவிட்ச் அணைந்திருக்கும்போது பேட்டரியைக் கடைசியாக மாட்டுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள், மோதிரம், செயின் கழற்றுங்கள். பல்பைத் தொடாதீர்கள், தோல் உரியும். ஆசிட் சிந்தினால் கழுவ, பக்கத்தில் தண்ணீரும் ஆப்பச் சோடாவும் இருக்கட்டும். பிறகு சுவிட்சைப் போட்டு, மீட்டரையும் கடிகாரத்தையும் பாருங்கள். நல்ல 7 ஏஹெச் பேட்டரி 10.5 வோல்ட்டுக்கு இறங்க ஒரு மணி நேரத்தை ஒட்டி எடுக்கும். எங்களுடையது மூன்றே நிமிடம். 10.5 வந்ததும் நிறுத்தி, உடனே திரும்பச் சார்ஜில் போடுங்கள். காலியாகக் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து கெட்டுவிடும். எத்தனை நிமிடம் தாங்கியது என்று பேட்டரி மேலேயே எழுதிவையுங்கள்.

மோட்டார் 40 ஆம்பியர் இழுக்கும்போது நாலரை ஆம்பியர் சோதனை எதற்கு என்று சிலர் வருவார்கள். தெரியும் சார். செத்த பேட்டரியைக் கண்டுபிடிக்க இது போதும். லித்தியம் பேட்டரிக்கு இதைச் செய்யச் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வருஷம் புதுப் பேட்டரியோடு போய் இரண்டாம் பரிசு வாங்கினோம். கோப்பை கல்லூரி விளம்பரத்தில் வந்தது, எங்கள் முகம் வரவில்லை. பேட்டரிக்கான பில்லை மூன்று முறை ஆபீசில் கொடுத்தேன். அசல் பில் இல்லை, ஜெராக்ஸ்தான் என்றார்கள். அசலை வாங்கி வைத்ததே அவர்கள்தான்.