ஸ்கோனுக்கு வீட்டில் செய்த கிளாட்டட் கிரீம் கெட்டியாகவில்லை

ஸ்கோன் என்ற சிறு ரொட்டியில் ஜாமோடு தடவ, கிரீமை மெல்லிய சூட்டில் நெடுநேரம் வைத்து எடுக்கும் கெட்டி ஏடுதான் கிளாட்டட் கிரீம். அது இறுகவே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். மறுபடி ஓவனில் வைக்காதீர்கள், பலனில்லை. 12 மணி நேரம் வைத்தும் பால் மாதிரி ஓடுகிறது என்றால் நீங்கள் வாங்கியது அநேகமாக சிங்கிள் கிரீம். இங்கிலாந்துக் கடைகளில் அதில் கொழுப்பு சுமார் 18 சதவீதம்தான். டபுள் கிரீமில் 48 வரை இருக்கும். தென்மேற்கு இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியின் பெயரில் ‘கார்னிஷ் கிளாட்டட் கிரீம்’ என்று போட்டு விற்கவே குறைந்தது 55 சதவீதம் வேண்டும்.

டப்பாவின் லேபிளைப் பாருங்கள். டபுள் கிரீம்தான் என்றால் அடுத்த சந்தேகம்: ஃபிரிட்ஜில் வைத்தீர்களா? சூட்டோடு எடுத்தால் எதுவும் தளர்வாகத்தான் இருக்கும். ஓர் இரவு குளிர்ந்தால்தான் இறுகும்.

அடுத்த முறை:

1. அகலமான பாத்திரத்தில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு டபுள் கிரீம். யுஹெச்டி (மிக அதிகச் சூட்டில் பதப்படுத்திய, நாள்பட இருக்கும் வகை) வேண்டாம்.
2. ஓவனில் 80 டிகிரி செல்சியஸில் 12 மணி நேரம். கிளறவே கூடாது, ஏடு உடைந்துவிடும்.
3. ஆறவிட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் மேலே இருக்கும் மஞ்சள் ஏட்டை எடுங்கள். அடியில் தங்கும் நீர்த்த பாலை ஸ்கோன் மாவு பிசைய வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கொட்டுவது பாவம்.

பழைய ஓவன்களின் திருகு காட்டும் சூட்டை நம்ப வேண்டாம், உள்ளே ஒரு வெப்பமானி வையுங்கள். வெதுவெதுப்பிலேயே இரவு முழுக்கக் கிடந்தால் கெட்டுவிடும்.

ஸ்கோன் மேல் ஜாம் முதலா கிரீம் முதலா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். கார்ன்வாலுக்குப் பக்கத்துப் பகுதியான டெவன்காரர்கள் கிரீமை முதலில் தடவுவார்கள், கார்ன்வால்காரர்கள் ஜாமை. விருந்தாளி எந்த ஊர் என்று தெரியாவிட்டால் இரண்டையும் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்துவிடுங்கள். விருந்து நாளைக்கே என்றால் பேசாமல் கடையில் ஒரு டப்பா வாங்கிவிடுங்கள்.