சுவர் முதலிலா, மரம் முதலிலா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வீட்டோடு சேர்த்துப் பன்னிரண்டுக்குப் பத்து அடியில் புதிய அறை ஒன்று கட்டியிருக்கிறோம். சீமெந்துப் பூச்சு முடிந்து மூன்று கிழமை ஆகிறது. முதிரை நிலைகளும் வேப்பம் பலகைக் கதவும் இரண்டு யன்னல்களும் பொருத்தியாகிவிட்டன. ஆவணியில் மகளின் திருமணம். மரத்துக்கு முதலில் பெயின்ற் அடிக்க வேண்டும் என்கிறார் தச்சர். சுவரை முடித்துவிட்டு மரத்தைத் தொடுங்கள் என்கிறார் மேசன். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: மகளுக்கு என் வாழ்த்துகள், அம்மா. இருவர் சொல்வதிலும் பாதி சரி. மரவேலையை முதலில் தொடங்கிக் கடைசியில் முடிக்க வேண்டும். சுவர் இடையில் வரும்.

உங்கள் சுவர் இன்னும் பெயின்றுக்கு ஆயத்தமாகவில்லை. புதிய சீமெந்துப் பூச்சை நான்கு கிழமையாவது ஆற விட வேண்டும். அதன் பின்னரும், ஒன்றரை அடிச் சதுரமான பொலித்தீன் துண்டொன்றைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் இறுக ஒட்டி, மறுநாள் காலையில் உரித்துப் பாருங்கள். உட்புறத்தில் நீர்த்துளி பூத்திருந்தாலோ, அந்த இடம் கறுத்துத் தெரிந்தாலோ இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்பு மரத்துக்கு உரிய காலம். கதவையும் யன்னல் இறக்கைகளையும் பிணைச்சலிலிருந்து கழற்றி, மண்கடதாசியால் மரத்தின் இழை ஓடும் பக்கமாகவே தேய்த்து, தூசியைத் துடைத்து, மரத்துக்குரிய பிறைமரை, அதாவது அடிப்பூச்சை, ஒரு தடவை பூசிவிடுங்கள். ஆணித் துளைகளையும் வெடிப்புகளையும் பட்டி வைத்து அடைப்பது அதற்குப் பிறகுதான், ஏனெனில் பிறைமர் படாத வெறும் மரம் பட்டியிலுள்ள எண்ணெயை உறிஞ்சிவிட, அது சுருங்கி, சில மாதங்களில் துளையைவிட்டுக் கழன்று விழும். கதவைக் கழற்றச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதன் கீழ் விளிம்பு கண்ணில் படாததால் அநேகமாகப் பெயின்ற் படாமலே நின்றுவிடுகிறது. மாரியில் அந்த வழியாகத்தான் ஈரம் ஏறிப் பலகை ஊதி, கதவு நிலத்தில் உரசத் தொடங்குகிறது. கதவைப் பக்கவாட்டில் நிறுத்திச் சாய்த்து, மேல், கீழ் விளிம்புகள் இரண்டுக்கும் மறக்காமல் பூசுங்கள்.

முதிரை நிலைகளை எண்ணெய்ப் பெயின்றான எனாமலால் மூட எனக்கு மனம் வராது. அந்த மஞ்சள் மினுக்கம் வார்னிஷில்தான் தெரியும். வார்னிஷ் என்று முடிவெடுத்தால் பிறைமர் கூடாது; ஆனால் முதல் பூச்சைச் சுவர் வேலைக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். வெறும் மரத்தில் தெறிக்கும் சுவர்ப் பெயின்ற் இழைக்குள் இறங்கிவிட்டால், பிறகு எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

சுவர் காய்ந்ததும், உட்கூரை இருந்தால் அதை முதலில் முடித்துவிட்டுக் கீழே வாருங்கள். சுவர்ப் பிறைமர் ஒரு தடவை, அதன் மேல் தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர்ப் பெயின்றான எமல்ஷன் இரண்டு தடவை போதும். மூலைகளையும் நிலை ஓரங்களையும் சிறிய தூரிகையால் முதலில் வரைந்துகொண்டு, அந்த ஓரம் காயுமுன் நடுப்பகுதியை ரோலரால் நிரப்பினால் கோடு தெரியாது. பத்தடி உயரச் சுவர் என்றால், கதவும் யன்னலும் கழிய ஏறத்தாழ 390 சதுர அடி வரும். ஒரு லீற்றர் ஒரு தடவைக்கு 100 முதல் 120 சதுர அடி பிடிக்குமாதலால், எமல்ஷன் இரண்டு தடவைக்கும் சேர்த்து நான்கு லீற்றர் ரின் இரண்டு போதும்.

தூசி தெரியாமலிருக்கச் சுவரின் அடிப்பகுதிக்கு மூன்று நான்கு அடி உயரத்தில் எனாமல் அடிக்கும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. புதிய பூச்சில் அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். சீமெந்தின் காரம் எனாமலிலுள்ள எண்ணெயைச் சவர்க்காரம்போல் ஆக்கிவிட, அது பிசுபிசுத்து உரிந்துவிடும். கழுவக்கூடிய எமல்ஷனை வாங்குங்கள்.

மரத்தின் கடைசி எனாமலோ வார்னிஷோ எல்லாவற்றுக்கும் பிறகுதான். சுவர் எமல்ஷன் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும், எனாமலோ ஓர் இரவு முழுவதும் எடுக்கும். அதற்குள் சுவரைத் தேய்த்த தூசி பறந்தால் அத்தனையும் அதில் ஒட்டிக்கொள்ளும். எனாமல் தவறிச் சுவரில் பட்டால் காய்ந்த பின் சுவர்ப் பெயின்றால் தொட்டு மறைக்கலாம், பளபளக்கும் கதவில் ரோலர் தெறித்த புள்ளிகளை அப்படி மறைக்க முடியாது. முதலில் தச்சர் சொல்லும்படி மரத்தை முடித்து, ஒட்டுநாடாவால் மூடிவிட்டுச் சுவரைச் செய்வோரும் உண்டு; கை தேர்ந்தவர்களுக்கு அது சரிவரும். வெளியே சோளகம் செம்மண்ணை அள்ளி வீசும் இந்த மாதங்களில் நான் அதைச் சொல்லமாட்டேன். காற்று எழுமுன் விடியற்காலையில் நிலத்துக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுத் தொடங்குங்கள். பூச்சுக்குப் பூச்சு ஒருநாள் இடைவெளி விட்டு, நன்றாக இறுகிய பின்னரே கதவை மாட்டுங்கள். அவசரப்பட்டால் கதவு நிலையோடு ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: பெயின்ற் அடிக்கவிருக்கும் புதிய சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. கழுவிவிட்டு அடிக்கலாமா?
– வாசகர், முல்லைத்தீவு

பதில்: கழுவாதீர்கள், தண்ணீர் உப்பைக் கரைத்து மீண்டும் சுவருக்குள் இறக்கிவிடும். காய்ந்த தூரிகையால் தட்டி எடுத்து, ஒரு கிழமை கழித்துப் பாருங்கள். மறுபடி பூத்தால் சுவருக்குள் ஈரம் வந்துகொண்டிருக்கிறது. கூரை ஒழுக்கையும் அத்திவாரத்தோரம் தேங்கும் நீரையும் முதலில் பாருங்கள். கழுவாத கடல்மணலைச் சாந்தில் சேர்த்திருந்தாலும் இப்படி ஆகும். உப்புப் பூப்பது நின்ற பிறகே, காரத்தைத் தாங்கும் பிறைமரோடு தொடங்குங்கள்.