நுவரெலியாவிலிருந்து சென்னைக்கு: உடம்பு எப்போது பழகும்?

கேள்வி: நான் இலங்கையில் நுவரெலியாவைச் சேர்ந்தவன். முதுகலைப் படிப்புக்காக ஜூலை கடைசியில் சென்னை வந்தேன். திருவல்லிக்கேணியில், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் தங்கியிருக்கிறேன். மதியமானால் தலைவலி, இரவில் தூக்கமில்லை, முதுகெல்லாம் வேர்க்குரு. பகல் முழுக்க ஏசி நூலகத்திலேயே இருந்துவிடுகிறேன். கடன் வாங்கியாவது ஏசி அறைக்கு மாறிவிடலாமா?

பதில்: கடன் வாங்க வேண்டாம், தம்பி. உடம்பு கண்டிப்பாகப் பழகும். ஆனால் நூலகத்துக்குள்ளேயே இருந்தால் பழகாது.

1,800 மீட்டருக்கும் மேலான உயரத்தில், பகலிலேயே 20 டிகிரியை ஒட்டிய குளிரில் வளர்ந்தவர் நீங்கள். இங்கே ஆகஸ்ட் மாதப் பகல் 35 டிகிரியைத் தொடும். இரவிலும் 26-ஐ ஒட்டியே இருக்கும். வெயிலைவிட உங்களை அதிகம் படுத்துவது புழுக்கம்தான். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும், வழிந்து சொட்டும் வியர்வையால் பயனில்லை. கடலோர ஊரில் காற்றிலேயே ஈரம் இருப்பதால், மேலே காற்று படாமல் அது காயாது.

தினமும் கொஞ்ச நேரம் வெக்கையில் நடமாடினால் முதல் சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், இதயம் படபடக்காமல் வேலை செய்யும். அடுத்து வியர்வை சீக்கிரமாகவும் தாராளமாகவும் வர ஆரம்பிக்கும், அதோடு வீணாகும் உப்பு குறையும். ஒரு வாரத்தில் பெரும்பகுதி மாற்றம் வந்துவிடும், இரண்டு வாரத்தில் ஏறக்குறைய முழுதாகப் பழகிவிடும். உங்களுக்குத் தேவை ஒரு நடைதான். இந்த மாதங்களில் நிலத்திலிருந்து மேற்குக் காற்று அடிப்பதால், கடற்காற்று நண்பகலுக்குப் பிறகுதான் ஊருக்குள் வரும். நாலரை மணிக்குக் கிளம்பி மெரினா பக்கம் இருபது நிமிடம் நடங்கள். பத்து நாளில் அதை ஒரு மணி நேரமாக்குங்கள். தலை சுற்றினால் நிழலில் உட்காருங்கள், வீம்பு வேண்டாம். உச்சி வெயிலில் ஓடவே ஓடாதீர்கள்.

பழகாத உடம்பு வியர்வையில் உப்பை நிறைய இழக்கும். அதனால் வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் அசதி தீராது. மதியச் சாப்பாட்டோடு உப்புப் போட்ட மோர், ரசம் சேர்த்துக்கொள்ளுங்கள். சட்டை முழுக்க நனைகிற நாளில் ஓஆர்எஸ் குடிக்கலாம். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள், பாதி பாதியாகக் கலக்காதீர்கள். ரத்தக் கொதிப்போ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்.

சரி, அறைக்கு வருவோம். உங்கள் கஷ்டத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. மொட்டை மாடித் தளம் பகலெல்லாம் தோசைக்கல்லாகக் காய்ந்து, அந்தச் சூட்டை இரவு முழுக்க உங்கள் தலைக்கு மேல் இறக்கும். ‘இந்த ஊர் நமக்கு ஒத்துவராது’ என்று முதல் மாதத்திலேயே மூட்டை கட்டும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். பெரும்பாலும் ஒத்துவராதது அவர்கள் இருக்கும் அறைதான். அதே வீட்டில் ஒரு மாடி கீழே இடம் கிடைத்தால் உடனே மாறுங்கள். அதுவரை, காலை ஒன்பது மணிக்கே ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிடுங்கள். இருட்டிய பிறகு திறந்து, வெளிக்காற்று உள்ளே வரும்படி டேபிள் ஃபேனை ஜன்னலோரம் வையுங்கள். மாடித் தொட்டித் தண்ணீர் மதியத்துக்குள் சுட ஆரம்பித்துவிடும். விடியற்காலையிலேயே ஒரு வாளி பிடித்துக் குளியலறையில் மூடி வைத்து, படுக்கப் போகும்முன் அதில் குளியுங்கள். ஈரத்தோடு ஃபேனுக்கு அடியில் நின்றாலே தூக்கம் வரும். அறையில் ஏசி இருந்து இரவில் மட்டும் 26, 27-ல் வைத்துத் தூங்கினாலும் தப்பில்லை. பகல் நடையின் பலன் அதனால் போய்விடாது.

வேர்க்குருவுக்குப் பவுடரை அப்பாதீர்கள், கலமைன் லோஷன் போதும். ஜீன்ஸை எடுத்து வைத்துவிட்டுத் தொளதொளப்பான பருத்தி உடைக்கு மாறுங்கள். இடுக்குகளில் வட்டமாக அரித்தால் அது படர்தாமரை. மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டு நாள் அடங்கி, பிறகு இன்னும் பரவும். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

காய்ச்சல் வந்தால் மட்டும் ‘உடம்பு சூடு’ என்று விட்டுவிடக் கூடாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் இங்கே ஆண்டு மழையின் பெரும்பங்கு கொட்டும். டெங்கு பரவும் காலமும் அதுதான். பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை போடாமல் பரிசோதனைக்குப் போங்கள். தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு நடந்தால் எலிக்காய்ச்சலும் வரலாம். வெக்கையில் யாராவது குழறிப் பேசினால், நிலை தடுமாறினால் அது ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். 108-ஐ அழைத்துவிட்டு, நிழலில் படுக்க வைத்து உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

அப்புறம் ஒரு விஷயம். பழகியது நிரந்தரமாக நிற்காது. மூன்று, நான்கு வாரம் மலைக்குளிரில் இருந்துவிட்டு வந்தால் பெரும்பகுதி போய்விடும். ஏப்ரல் விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டு மே மாதக் கத்திரி வெயிலில் வந்து இறங்கினால், மறுபடியும் இருபது நிமிட நடையிலிருந்தே தொடங்குங்கள்.